உங்களுக்குத் தெரியுமா? வரப்பில் ஓடும் மஞ்சள் கோடு

ரிவர்ஸ்டன் பக்கமிருந்து முகில் இறங்கி மழை பிடித்துக்கொண்டால் இரத்தோட்டையில் வயல் வரப்பு, பீலிக்கரை, லயத்து வாசல் என்று எல்லா இடத்திலும் தவளைச் சத்தம். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். "பாம்பு!" என்று ஒருவர் கத்திய மறுநிமிடம் இன்னொருவர் கையில் மண்வெட்டி இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் நினைவுக்கு வரவேண்டிய செய்திகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

உடையால் வந்த பெயர்
ஒரு முழம் நீளம், பழுப்பு உடல், முதுகின் இரு பக்கமும் வால்வரை ஓடும் மங்கிய மஞ்சள் கோடு. சிங்கள அயலவர்கள் இந்தப் பாம்பை 'அஹரகுக்கா' என்பார்கள். இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் சுவீடனின் லின்னேயஸ். ஆண்டு 1758. இன்று வழங்கும் முழுப் பெயர் அம்ஃபியெஸ்மா ஸ்டோலாட்டம். பழைய ரோமாபுரிப் பெண்கள் அணிந்த நீண்ட அங்கிக்கு 'ஸ்டோலா' என்று பெயர். ஸ்டோலாட்டம் என்றால் அந்த அங்கியை உடுத்தது.

கடல் கடந்த உறவு
வட அமெரிக்காவின் வீட்டுத் தோட்டங்களில் ஓடித் திரியும் கார்ட்டர் பாம்பும் நம் அஹரகுக்காவும் ஒரே நீர்ப்பாம்புக் குடும்பம். கார்ட்டர் என்பது காலுறை நழுவாமல் கட்டும் பட்டி. உடலில் ஓடும் கோட்டைப் பார்த்தே அந்தப் பாம்புக்கும் பெயர் வந்தது. அங்கே காலுறைப் பட்டி, இங்கே அங்கி. உருவம் ஒன்றுபோல இருந்தாலும் பிள்ளைப்பேற்றில் வேறுபாடு உண்டு. கார்ட்டர் பாம்பு குட்டி போடும். நம்முடையது முட்டையிடும். ஒரு தடவைக்கு 15 முட்டை வரை இடுவதுண்டு.

எப்படி அடையாளம் காண்பது?
அஹரகுக்காவின் மஞ்சள் கோடுகள் கழுத்துப் பக்கம் மங்கலாக இருக்கும். வால் பக்கம் போகப் போகத் துலங்கும். உடலின் முன்பாதியில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் தெரியும். செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய வரம்பு இருப்பதால் உடல் பளபளக்காது, சொரசொரப்பாகத் தோன்றும். கண் பெரியது, கண்மணி வட்டமானது. பகலில்தான் இரை தேடும். இரையில் பெரும்பங்கு தவளையும் தேரையும். நஞ்சால் மனிதருக்கு ஆபத்து இல்லை. கையில் அகப்பட்டாலும் கடிப்பது அரிது.

பயந்தால் நிறம் மாறுமா?
மாறுவதுபோலத் தெரியும். அஹரகுக்கா மிரண்டால் உடலைத் தட்டையாக்கி விரிக்கும். அப்போது செதில்களுக்கு நடுவே மறைந்திருந்த தோல் நீலமாகவோ சிவப்பாகவோ பளிச்சிடும். அதைக் கண்டு "இது வேறு ஏதோ கொடிய சாதி" என்று அடித்துவிடுகிறார்கள். நிறம் காட்டினால் அது பயந்திருக்கிறது என்றுதான் பொருள். நாலடி பின்வாங்கி நின்றாலே போதும், ஓடிவிடும்.

படம் எடுக்கும் தண்ணீர்ப்பாம்பு
கால்வாயிலும் வயல் நீரிலும் நீந்தும் தடித்த தண்ணீர்ப்பாம்பைச் சிங்களத்தில் 'தியபரியா' என்பார்கள். ஃபோவ்லியா ஆஸ்பெரிமஸ் என்ற இந்த இனம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. கண்ணிலிருந்து பின்னோக்கி இறங்கும் கறுப்புக் கோடுகள் இதன் அடையாளம். சீண்டினால் தலையை உயர்த்திக் கழுத்தைத் தட்டையாக்கும். நல்லபாம்பு என்று எண்ணி அடிப்பவர்கள் உண்டு. இது அஹரகுக்காபோலப் பொறுமைசாலி அல்ல, பிடித்தால் பலமுறை கடிக்கும். கடித்த இடத்தில் இரத்தம் வரும், நஞ்சு ஏறாது.

அந்தக் குடும்பத்திலும் ஒரு விதிவிலக்கு
"தண்ணீர்ப்பாம்புச் சாதிதானே, கையில் எடுக்கலாம்" என்று நினைக்கவேண்டாம். நம் ஈரவலயக் காடுகளில் ரப்டோஃபிஸ் சிலோனென்சிஸ் என்ற பாம்பு வாழ்கிறது. இதுவும் அதே குடும்பம், இதுவும் இலங்கைக்கே உரியது. மேல்தாடையின் பின்பகுதியில் பெரிய பற்கள் உண்டு. இது கடித்து இரத்தம் உறையாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் இதன் நெருங்கிய உறவுப் பாம்பு நெடுங்காலம் அப்பாவி என்றே கருதப்பட்டது. 1984இல் அது ஒரு பள்ளி மாணவனின் உயிரைப் பறித்தது.

மிளகுக்கொடியின் அடியில்
இரத்தோட்டைப் பக்கம் மிளகு, கராம்பு, கொக்கோ என்று நிழல் மரங்களின் கீழே எப்போதும் சருகு குவிந்திருக்கும். சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடப்பது மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியன். சிங்களத்தில் 'குணகட்டுவா'. ஒரு முழம்கூட இராது. இலங்கையில் மிக அதிகம் பேரைக் கடிப்பது இதுதான். பலருக்கு வலியும் வீக்கமும் தந்து ஆறிவிடும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து இந்த நஞ்சுக்கு வேலை செய்வதில்லை. சருகில் கிடக்கும் சின்னப் பாம்பைச் சின்னதென்று எண்ணிக் கையில் எடுக்காதீர்கள்.

கொழுந்து நிறத்தில் ஒன்று
தேயிலைச் செடியிலும் ஏலச் செடியிலும் அசையாமல் கிடக்கும் பச்சைக் குழிவிரியனும் இலங்கைக்கே உரியது. கறுப்புக் கோலம் போட்ட பச்சை உடல், அகன்ற தலை. மரக்கிளையில் கிடக்கும் ஒல்லியான, கூர்மூக்குப் பச்சைப்பாம்பு வேறு, இது வேறு. கொழுந்து பறிக்கும் கைக்கு இரண்டுமே இலையோடு இலையாகத்தான் தெரியும். கையை விடுமுன் ஒரு குச்சியால் செடியைத் தட்டிவிடுவது நல்ல பழக்கம்.

முக்கோணத் தலை என்றால் நஞ்சா?
இந்தச் சூத்திரத்தை நம்பி உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. தண்ணீர்ப்பாம்பு மிரண்டால் தலையை விரித்து முக்கோணமாக்கிக் காட்டும். நஞ்சுள்ள நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் இல்லை, கண்மணியும் வட்டம்தான். பட்டை போட்ட உடலும் ஏமாற்றும். கட்டுவிரியன்போலவே பட்டை போட்ட நஞ்சில்லாத பாம்புகள் உண்டு. வீட்டுக்குள் எலியையும் பல்லியையும் தேடி இரவில் வரும் பாம்பில் பட்டை தெரிந்தால் அதைக் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

அறிந்தவரும் தவறிய கதை
அமெரிக்கரான கார்ல் ஷ்மிட் தம் காலத்தின் பெரிய பாம்பு ஆய்வாளர்களில் ஒருவர். 1957 செப்டெம்பரில், சிகாகோ அருங்காட்சியகத்துக்கு அடையாளம் காண வந்த ஓர் இளம் ஆபிரிக்கப் பாம்பைக் கையில் பிடித்துப் பார்த்தார். அது பெருவிரலில் கடித்தது. குட்டிதானே என்று வைத்தியரிடம் போகாமல், உடலில் தோன்றிய அறிகுறிகளைக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் இறந்துபோனார். வாழ்நாள் முழுக்கப் பாம்போடு பழகியவருக்கே இப்படி. நமக்கு அடையாளம் காணும் கருவி கண்ணும் கைபேசிக் கமராவும்தான். கை அல்ல.

மலைக்குள் இன்னும் பெயரிடாதவை
இரத்தோட்டைக்கு மேலே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் இலங்கையின் மத்திய உயர்நிலங்களில் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து 2019இலும் புதிதாக ஒரு பாம்பு பெயர் பெற்றது. அஸ்பிடுரா டெசில்வாய் என்று, இலங்கையின் மூத்த பாம்பியலாளர் அன்ஸ்லம் டி சில்வாவின் பெயரைச் சூட்டினார்கள். இந்தச் சாதிப் பாம்புகள் மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் மண்புழு தின்று வாழும் சின்ன உயிர்கள். மண்வெட்டிக்குப் பலியாகும் 'புழுப்போல ஒரு பாம்பு' உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்றாக இருக்கலாம்.

கடிகளில் பாதிக்கு மேல் நஞ்சில்லாதவை
இலங்கை முழுவதும் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2016இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள் நடப்பதாகக் கண்டது. அவற்றில் நஞ்சு ஏறியவை ஏறத்தாழ 30,000. உயிரிழப்பு 400க்கு மேல். கடித்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நஞ்சை ஏற்றவில்லை. ஆனால் எந்தக் கடி எந்தப் பக்கம் என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது.

எப்போது உதவி தேவை?
வரப்பில் ஓடும் பாம்புக்கு நம் உதவி வேண்டாம், வழி விட்டால் போதும். மரக்கறித் தோட்டத்து வலையில் சிக்கிக் கழுத்து இறுகியது, பூனை கவ்வியது, புல்வெட்டும் கத்தி பட்டது, சீமெந்துத் தொட்டிக்குள் விழுந்து ஏற முடியாதது ஆகியவற்றுக்குத்தான் உதவி தேவை. தொட்டியில் விழுந்ததைப் பிடிக்கவே வேண்டாம். ஒரு கரடுமுரடான பலகையையோ கிளையையோ சாய்த்து வைத்துவிட்டுப் போங்கள். தானே ஏறிப்போகும்.

முதல் வேலை தொலைபேசி
பாம்பின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் தொடவே கூடாது. ஆறடி தள்ளி நின்று படம் எடுங்கள். பிள்ளைகளையும் நாயையும் அப்பால் கொண்டுபோங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்கட்டும். அவர்கள் வந்து சேரும்வரை பாம்பு இருந்த இடத்திலேயே இருப்பது அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. கீழே வரும் பராமரிப்புக் குறிப்புகள் எல்லாம், அறிந்தவர் ஒருவர் "இது ஆபத்தில்லாதது" என்று சொன்ன பாம்புக்கு மட்டுமே.

வலையை இழுக்காதீர்கள்
வலையில் சிக்கிய பாம்பை இழுத்தால் செதிலுக்கு எதிராக நூல் ஏறி இன்னும் ஆழமாக வெட்டும். வலையைச் சுற்றிலும் கத்தரித்து, பாம்பை அந்தத் துண்டோடு எடுக்கவேண்டும். தலைப்பக்கம் ஒரு துணியைப் போட்டு மூடினால் இருட்டில் அடங்கிவிடும். பிறகு முனை மழுங்கிய சிறு கத்தரியால் நூலை ஒவ்வொன்றாக அறுக்கலாம். எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெயைத் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அது தோலை எரித்துவிடும்.

தலையணை உறையே தொட்டில்
காயப்பட்ட பாம்பை ஓர் இரவு வைத்திருக்க நேர்ந்தால் போத்தலோ பொலிதீன் பையோ உதவாது. காற்றுப் போகும் பருத்தித் தலையணை உறை போதும். தையலை உள்பக்கம் இல்லாமல் வெளியே திருப்பிக்கொண்டால் நூலில் சிக்காது. வாயை முறுக்கி இறுக முடிந்து, துளையிட்ட மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். முடிச்சுக்கு மேலே மட்டும் கை வைக்கலாம். துணிக்கு வெளியேயும் பல் எட்டும் என்பதை மறக்கக்கூடாது.

பார்க்க வராதீர்கள்
பாம்புக்குக் கண் இமை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உலகத்தை மறக்க அதனால் முடியாது. நிலத்து அதிர்வு எல்லாம் அதன் உடலுக்குத் தெரியும். அயல்வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மூடியைத் திறந்து பார்ப்பது அதற்குப் பெரிய வாதை. ஆளோட்டமில்லாத அறை, இருட்டு, அமைதி. ஓர் இரவுப் பராமரிப்பில் முக்கால் பங்கு இவ்வளவுதான்.

வெயிலில் வைத்த வாளி
பாம்பின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்காது. சூழல் சுட்டால் அதுவும் சுடும். காட்டில் அது நிழலுக்குள் நகர்ந்து தப்பும். மூடிய வாளிக்குள் நகர இடமில்லை. முற்றத்து வெயிலில் சிறிது நேரம் விட்டாலும் செத்துப்போகும். நக்கிள்ஸ் அடிவாரத்துக் குளிரிரவும் காயப்பட்ட உயிருக்குக் கடினம்தான். வீட்டுக்குள், வெறும் சீமெந்துத் தரையில் வைக்காமல், ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் பெட்டியை வையுங்கள்.

பால் குடிக்குமா?
நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் பக்தி நம் மரபு. அது வழிபாடு. வீட்டில் இருக்கும் காயப்பட்ட பாம்புக்கு மட்டும் பால் வைக்காதீர்கள். பாம்பின் குடலுக்குப் பால் செரிக்காது. தாகத்தால் வாடிய பாம்பு எதைக் கொடுத்தாலும் குடிக்கும், அதைப் பார்த்துத்தான் பால் பிடிக்கும் என்று நினைக்கிறோம். வேண்டியது தண்ணீர்தான். பெட்டிக்குள் உறையை அவிழ்த்துவிடும் அளவுக்குப் பாதுகாப்பான மூடி இருந்தால், கவிழாத தட்டையான கிண்ணத்தில் சிறிது தண்ணீர் வையுங்கள்.

சோறு போடாதீர்கள்
பசியோடு இருக்கிறதே என்று தவளை பிடித்துப் போடவும் வேண்டாம். பாம்பு பல நாள் உண்ணாமல் இருக்கக்கூடிய உயிர். பயத்திலும் குளிரிலும் இருக்கும்போது உண்டால் செரிக்காது, கக்கிவிடும். கக்குவது அதற்குப் பெரும் இழப்பு. வயிறு புடைத்த நிலையில் கண்டால், அண்மையில்தான் இரை எடுத்திருக்கிறது என்று அறிந்து தூக்காமல் விட்டுவிடுங்கள்.

கண் மங்கினால் நோயா?
கண் பால்நிறமாக மங்கி, உடல் நிறமும் வெளிறியிருந்தால் பதறவேண்டாம். சட்டை உரிக்கப் போகிறது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு சேர்ந்தே கழலும். இந்த நாட்களில் பார்வை மங்கல், அதனால் சின்ன அசைவுக்கும் சீறும். சட்டையைக் கையால் இழுத்து உரிக்காதீர்கள்.

மஞ்சள் பூசலாமா?
வெட்டுக்காயத்தில் நம் கைக்கு வருவது மஞ்சளும் சாம்பலும். பாம்பின் காயத்தில் இவை இறுகிப் பிடித்து அழுக்கை உள்ளே அடைக்கும். சுத்தமான நீரால் கழுவி மூடிய பெட்டியில் வைத்து, விலங்கு வைத்தியரிடம் கொண்டுபோவதே வழி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கு மருத்துவப் பீடம் இருக்கிறது. பூனை கவ்விய பாம்பில் வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். பூனைப் பல்லின் கிருமி உள்ளே சீழ் பிடிக்கச் செய்யும், ஆகவே அதையும் வைத்தியர் பார்க்கவேண்டும்.

அந்த நாற்றம் ஏன்?
அஹரகுக்காவையும் தண்ணீர்ப்பாம்பையும் தூக்கினால் வாலடியிலிருந்து ஒரு நாற்றநீர் வரும். பிடித்தவன் விட்டுவிடுவான் என்பதற்கான தற்காப்பு அது. கார்ட்டர் பாம்பும் இதையே செய்யும். அது நஞ்சல்ல. ஆனாலும் பாம்பின் கழிவில் சால்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி இருக்கலாம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சமையல் பாத்திரத்தைப் பாம்புப் பெட்டியாக்கவேண்டாம்.

தூரக் காட்டில் விடுவது தர்மமா?
"பிதவல பத்தனைக்குக் கொண்டுபோய் விட்டால் நிம்மதியாக வாழட்டும்" என்று எண்ணுவது நல்ல மனம். பாம்புக்கு அது நாடு கடத்தல். எந்தப் பொந்து பாதுகாப்பு, எந்தக் கரையில் தவளை என்பதெல்லாம் அது வாழ்ந்த இடத்தில்தான் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்குள் ஒலிபரப்பிக் கருவி வைத்துத் தொடர்ந்தபோது, இடம் மாற்றி விடப்பட்டவை திக்கில்லாமல் அலைந்தன, உள்ளூர்ப் பாம்புகளைவிட மிக அதிகமாகச் செத்தன. கண்டெடுத்த இடம்தான் அதற்கு வீடு, அதற்கு அருகிலேயே விடுங்கள்.

செல்லமாக வளர்க்கலாமா?
கூடாது. இலங்கையின் காட்டுயிர்களைக் காக்கும் கட்டளைச்சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். 2009இல் அது பெரிதாகத் திருத்தப்பட்டது. அறிந்தவர் மேற்பார்வையில் ஓர் இரவு அடைக்கலம் கொடுப்பது வேறு, பெட்டியில் பூட்டி வைத்துக் காட்சி காட்டுவது வேறு. தொடக்கத்திலேயே திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டால் மனமும் சுத்தம், சட்டமும் சுத்தம்.

கடித்துவிட்டால்?
கடித்த கையையோ காலையோ அசைக்காமல், மோதிரமும் வளையலும் கழற்றி, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கெடுதி. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம், படம் இருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். இந்த எளிய சோதனை எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது.

நம் மருந்துக்கு இருளர் கை
இலங்கை இறக்குமதி செய்யும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் தயாராவது. அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பதில் முன்னிற்பவர்கள் தமிழ்நாட்டு இருளர்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பைப் பிடித்து, பானையில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். தற்காலிகப் பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு நம் மொழி பேசும் மக்களிடமே இப்படியொரு பாடம் இருக்கிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மசிறீ விருது பெற்றார்கள்.

பாம்புக்காகத் தோண்டிய சுரங்கம்
கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்தில் வசந்தம் வந்தால் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் சுண்ணாம்புக்கல் பொந்துகளிலிருந்து வெளிவரும். பெருந்தெருவைக் கடக்கும்போது ஆயிரக்கணக்கில் நசுங்கிச் செத்தன. மக்கள் தெருவுக்கு அடியில் சின்னச் சுரங்கங்கள் அமைத்து, வேலி கட்டி, பாம்புகளை அதன் வழியே திருப்பிவிட்டார்கள். இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புறைக்கு ஏறும் பாதையில் மழை மாலையில் வண்டியை மெதுவாக விடுவது நம்மால் முடிந்த சுரங்கம்.

விடும் நேரம்
அஹரகுக்கா பகல் பாம்பு. ஆகவே காலை வெயில் இளஞ்சூடாக வந்ததும், கண்டெடுத்த வரப்புக்கே கொண்டுபோங்கள். வெட்டவெளியில் விட்டால் செண்பகமும் கொக்கும் பார்த்துக்கொண்டிருக்கும், புல் ஓரத்தில் வையுங்கள். உறையின் முடிச்சை அவிழ்த்து, அடிப்பக்கத்தைத் தூக்கிவிட்டு, பின்னால் நகர்ந்து நில்லுங்கள். உடனே வராது. நாக்கை மட்டும் வெளியே நீட்டிக் காற்றைத் தடவிப் பார்க்கும். பழகிய சேற்று மணம் தெரிந்ததும் இரண்டு மஞ்சள் கோடுகள் மெல்ல வெளியே வந்து, புல்லோடு புல்லாகிவிடும். பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி அதைக் காட்டுங்கள். "அதன் பெயர் என்ன?" என்று கேட்டால் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.